பல் பிடுங்கியவருக்குப் பருப்பு ஆகாதா?

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது பழமொழி. உணவை நன்றாக மென்று தின்பவர் நீண்ட காலம் நலமாக வாழ்வார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் மாணவ நண்பர்களே, மெல்லவே முடியாதவர் என்ன செய்வார்? சொத்தையான கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவும் முடியாமல் வீடு திரும்பும் உங்கள் பாட்டிக்கோ மாமாவுக்கோ அடுத்த ஒரு வாரத்துக்கு என்ன உணவு கொடுப்பீர்கள்?

“இது என்ன பெரிய சங்கதி? கஞ்சித் தண்ணீர் கொடு. பன்னை டீயில் நனைத்துக் கொடு. பருப்பு மட்டும் வேண்டாம், சீழ் பிடிக்கும். முட்டை வேண்டாம், சூடு. தயிர் வேண்டாம், சளி பிடிக்கும். கத்தரிக்காய் வேண்டாம், அரிக்கும்.” பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் பதில் வரும். அக்கம்பக்கத்தாரும் இதையே சொல்வார்கள். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பட்டினியையே மருந்தாக்கிவிடுபவர்களும் உண்டு.

இந்தப் பத்தியம் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. உணவு மெத்தென்று இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் சத்துள்ள பண்டங்களை ஒவ்வொன்றாக விலக்கி, வெறும் கஞ்சித் தண்ணீரில் கொண்டு போய் நிறுத்துவது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

மலையிலிருந்து இறங்கி வருபவர்

வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமைகளில் கூடும் ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். இதற்கு மேலே மலைப்பகுதியில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற ஊராட்சிகள் இருக்கின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் பயிரிடுகிறார்கள். புளி, நெல்லி, தேன் முதலியவற்றைக் காட்டிலிருந்து சேகரிக்கிறார்கள்.

மலைமேல் இருக்கும் ஒருவர் பல் பிடுங்கிக்கொள்ள வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் வேலூர் வரை போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவும் ஆகும். பிடுங்கிய இடம் ஆறாமல் வலி வந்துவிட்டால் இத்தனையும் இன்னொரு முறை. நகரத்தில் இருப்பவருக்கு, மறுபடி மருத்துவரைப் பார்ப்பது ஒரு தொல்லை. மலையில் இருப்பவருக்கோ அது ஒரு வாரக் கணக்கையே புரட்டிப் போடும் செலவு. ஆகவே, வீட்டுக்கு வந்த பிறகு என்ன சாப்பிடுகிறார் என்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

குழிக்குள் நடக்கும் வேலை

பல்லைப் பிடுங்கியதும் தாடை எலும்பில் ஒரு குழி உண்டாகிறது. அதில் இரத்தம் நிறைகிறது. இரத்தத் தட்டுகள் ஒன்றுகூடுகின்றன. ஃபைபிரின் என்னும் புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. குழியை மூடும் மூடி இதுதான். புதிய திசு வளர்வதற்கு ஏற்ற சாரமும் இதுதான். ஒன்றிரண்டு வாரங்களில் ஈறு மேலே வளர்ந்து மூடத் தொடங்கும். உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும்.

இந்த இரத்தக்கட்டி முதல் சில நாட்களில் மிக மென்மையாக இருக்கும். அது பெயர்ந்துவிட்டாலோ கரைந்துவிட்டாலோ எலும்பு வெளியே தெரியும். இரண்டு, மூன்று நாட்கள் கழித்துக் காது வரை பரவும் கடும் வலி தொடங்கும். பல் மருத்துவர்கள் இதை ‘உலர் குழி’ என்கிறார்கள். எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர் மறக்க மாட்டார். கீழ்க் கடைவாயில் புதைந்திருக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுத்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல்.

ஆகவே உணவுக்கு இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, இரத்தக்கட்டியைக் கலைக்கக் கூடாது. இரண்டாவது, புதிய திசு கட்ட வேண்டிய பொருள்களைக் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பத்தியம் முதல் பொறுப்பை ஓரளவு கவனிக்கிறது, இரண்டாவதை மறந்துவிடுகிறது.

செங்கல் இல்லாமல் சுவர் எழும்புமா?

வீடு கட்டச் செங்கல் வேண்டும், கொத்தனார் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். காயம் ஆறுவதும் அப்படித்தான். புரதம் செங்கல். மாவுச்சத்தும் கொழுப்பும் தரும் ஆற்றல்தான் கூலி. போதிய ஆற்றல் கிடைக்காவிட்டால் உடல் என்ன செய்யும் தெரியுமா? செங்கல்லையே அடுப்பில் போட்டு எரிப்பதுபோல, புரதத்தை எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். அப்போது சுவர் எழும்பாது.

திசுவுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம் உருவாக வைட்டமின் ‘சி’ தேவை. 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றி வந்த ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் கப்பல்களில், பழமும் காய்கறியும் கிடைக்காமல் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன ஒரு முதிய மாலுமியின் காயம் மீண்டும் திறந்துகொண்டதாக அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது! கட்டிய சுவரையும் நாள்தோறும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? பின்னர், 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளுக்கு இருவர் இருவராக வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவாகத் தேறினார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஏறத்தாழ 37 கிராம். காயம் ஆறும்போது இதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டிக்கு நாளெல்லாம் மூன்று தம்ளர் கஞ்சி கொடுக்கிறீர்கள். அதில் கரைந்திருப்பது மொத்தம் 75 கிராம் அரிசி என்று வையுங்கள். புரதம் சுமார் 6 கிராம். டீயில் நனைத்த பன் ஒன்று இன்னும் 3 அல்லது 4 கிராம் தரும். ஆக, 10 கிராம்தான். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வயிறு நிறைந்தாற்போல இருக்கும். சுவர் கட்டச் செங்கல் இருக்காது.

பருப்பு சீழாகுமா?

“சரி, பருப்பு கொடுக்கலாமே” என்றால், “ஐயோ, சீழ் வைக்கும்!” என்கிறார்கள். சீழ் என்பது என்ன? காயத்தில் நோய்க்கிருமிகள் நுழைந்தால் அவற்றோடு போரிட இரத்த வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. போரில் மடிந்த வெள்ளணுக்கள், கிருமிகள், சிதைந்த திசு, நீர் ஆகியவை சேர்ந்த குழம்புதான் சீழ். கிருமி இல்லாவிட்டால் இப்படிச் சீழ் பிடிக்காது.

வேகவைத்த பருப்பும் மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது. சீழும் அப்படியே இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்கும் என்று மனம் எளிதாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆனால் நாம் தின்னும் பருப்பு பருப்பாகவே காயத்துக்குப் போவதில்லை. இரைப்பையிலும் சிறுகுடலிலும் நொதிகள் அதன் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்துவிடுகின்றன. இரத்தத்தில் சேர்வது அந்த அமினோ அமிலங்களே. அவை பருப்பிலிருந்து வந்தனவா, பாலிலிருந்து வந்தனவா, முட்டையிலிருந்து வந்தனவா என்று காயத்துக்குத் தெரியாது. அது மட்டுமா? கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களுக்கும் இந்தப் புரதம்தான் வேண்டும். பருப்பை நிறுத்தினால் சீழை நிறுத்தியதாகாது. சீழைத் தடுக்கும் படைக்கு உணவை நிறுத்தியதாகும்.

முட்டையும் அப்படியே. பள்ளிச் சத்துணவில் உங்களுக்கு ஏன் முட்டை தருகிறார்கள்? வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும் என்பதற்காக. உங்கள் உடம்பு வளர்வதற்கும் பாட்டியின் ஈறு வளர்வதற்கும் ஒரே செங்கல்தான்.

பெரியவர்கள் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. காரக் குழம்பு, கடுகு தாளித்த பருப்பு, தோலோடு வேகவைத்த பயறு, முட்டை மிளகு வறுவல் ஆகியவை புண்ணை எரிக்கும். துணுக்குகள் குழியில் சிக்கும். அவர்கள் கண்ட தொல்லை உண்மையாக இருக்கலாம். ஆனால் குற்றவாளி மிளகாயும் கடுகும் தோலும். பழி விழுந்தது பருப்பின் மேல்!

மெத்தென்றும் சத்தோடும்

ஒடுகத்தூரிலும் மேலுள்ள மலையிலும் எளிதாகக் கிடைப்பவற்றைக் கொண்டே ஒரு நாள் உணவை அமைத்துப் பார்ப்போம். டப்பாவில் அடைத்த விலையுயர்ந்த ஊட்டச்சத்து மாவு எதுவும் தேவையில்லை.

சாமை நொய் 100 கிராம். அதோடு பாசிப்பருப்பு 40 கிராம். இரண்டையும் நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து மசித்தால் பொங்கல் பதத்தில் கஞ்சியாகும். மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். சாமையில் சுமார் 8 கிராம், பருப்பில் 9 கிராம் புரதம். இரண்டு முட்டைகளை அடித்து, கொதிக்கும் கஞ்சியில் ஊற்றிக் கிளறி நன்றாக வேகவிடலாம், 12 கிராம். பால் 200 மில்லி, 6 கிராம். தயிர் 100 மில்லியைக் கடைந்து மோராக்கலாம், 3 கிராம். கூட்டிப் பாருங்கள்: 38 கிராம்! பாட்டியின் தேவை நிறைவேறிவிட்டது. ஆற்றலுக்காக மசித்த வாழைப்பழம் இரண்டும், கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள், பொட்டுக்கடலையை நைசாக அரைத்துச் சலித்துப் பாலில் கரைத்துக் காய்ச்சலாம். கேழ்வரகுக் கூழும் நல்லது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. மோர் விட்டுக் கரைத்த கூழைக் கரண்டியால் எடுத்துக் குடித்தால் வாய்க்கும் குளிர்ச்சி. வைட்டமின் ‘சி’க்கு நன்கு பழுத்த பப்பாளியையோ கொய்யாவையோ மசித்துத் தரலாம், கொய்யாவாக இருந்தால் வடிகட்டி, கொட்டைகளை நீக்கிவிட வேண்டும். மலை நெல்லிக்காயில் இந்த வைட்டமின் ஆரஞ்சில் இருப்பதைவிடப் பன்மடங்கு உண்டு. ஆனால் அதன் புளிப்பு புண்ணில் எரியும். மூன்று, நான்கு நாள் கழித்து, சாறெடுத்து மோரில் கலந்து கொடுங்கள்.

சந்தை ஊர் ஆயிற்றே, ஆட்டுக்கால் சூப்பு தரக் கூடாதா என்று கேட்கலாம். ஆறவைத்து, வடிகட்டி, காரமின்றித் தாருங்கள். நீர்ச்சத்துக்கும் உப்புக்கும் நல்லது. ஆனால் அதில் முதன்மையாக இருப்பது ஜெலாட்டின். உடல் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான ட்ரிப்டோஃபேன் ஜெலாட்டினில் இல்லை. ஆகவே சூப்பு மட்டும் போதும் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள்.

கத்தரிக்காயா? இந்த அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாதாரணமாக ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அதை வேகவைத்து மசித்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் விதைகள் குழியில் தங்கும் என்பதால் முதல் வாரம் போகட்டும். காரணம் விதை, அரிப்பு என்ற அச்சம் அல்ல.

அடுக்களையில் மூன்று சோதனைகள்

எந்த உணவு ஏற்றது என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கருவிகள் உங்கள் அடுக்களையிலேயே இருக்கின்றன.

ஒன்று, வடிகட்டிச் சோதனை. கஞ்சியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். மேலே தங்கும் உமி, தோல், விதை ஆகியவைதான் குழியில் போய்ச் சிக்கப் போகின்றவை. வீட்டில் குத்திய சாமையில் உமியும் கல்லும் தங்கியிருக்கும். ஆகவே சமைக்கும் முன் நன்றாகக் களைந்து, அரித்து எடுக்கச் சொல்லுங்கள். அரிப்பது எப்படி என்று பாட்டியிடமே கற்றுக்கொள்ளலாம்!

இரண்டு, நாக்குச் சோதனை. ஒரு கவளத்தை நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்துங்கள். பல்லின் உதவி இல்லாமலே நசுங்கினால் அது மென்மையான உணவு.

மூன்று, மணிக்கட்டுச் சோதனை. ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். சுடக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து மீண்டும் இரத்தம் கசியலாம். மரத்துப் போகும் ஊசியின் வேகம் தணியும் வரை எதையும் மெல்லவே கூடாது. கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொண்டது தெரியாமலே போய்விடும். சிறு குழந்தைகளிடம் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

உண்மையில் ஆகாதவை

பத்தியம் வைக்கத்தான் வேண்டும் என்றால் இவற்றுக்கு வையுங்கள். முதல் சில நாட்களுக்கு உறிஞ்சுகுழல் போட்டு இளநீரோ பாலோ குடிக்கக் கூடாது. உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் இரத்தக்கட்டி பெயர்ந்துவிடலாம். அடிக்கடி துப்புவதும் முதல் நாளே வாய் கொப்பளிப்பதும் அப்படியே. 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து மெதுவாக வழியவிடலாம்.

பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, புகையிலை எதுவும் கூடாது. பீடியில் உறிஞ்சும் இழுப்பும் உண்டு, இரத்தக் குழாயைச் சுருக்கும் நிகோட்டினும் உண்டு, இரட்டைத் தீங்கு. “பருப்பு வேண்டாம்” என்று கவனமாக இருக்கும் தாத்தா, வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்வதைக் கண்டால் என்ன சொல்வது! முறுக்கு, பொரி, வேர்க்கடலை ஆகியவை ஈறு மூடும் வரை காத்திருக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் பட்டினி கிடந்து வழக்கமான மாத்திரையைப் போட்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். அவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், தாடை எலும்பில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவர் சொல்லும் அளவுப்படியே உண்ண வேண்டும். மூன்று நாள் ஆகியும் வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யார் சொல்ல வேண்டும்?

‘மென்மையான உணவு உண்ணவும்’ என்று மூன்றே சொற்களை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாது என்பது என் எண்ணம். அந்தச் சொற்களை வீட்டார் பன்னாகவும் கஞ்சித் தண்ணீராகவும் புரிந்துகொள்கிறார்கள். ‘சாமைக் கஞ்சியில் பாசிப்பருப்பும் முட்டையும் சேர்த்து, ஆறவைத்து உண்ணவும், பருப்பால் சீழ் பிடிக்காது’ என்று அந்தந்த வட்டாரத்து உணவின் பெயரைச் சொல்லி எழுதினால், மலைமேல் இருக்கும் வீட்டிலும் அது அடுப்பேறும். இதற்குப் புதிய கருவியோ பெரும் பணமோ வேண்டியதில்லை.

அதுவரை அந்தச் சீட்டை வீட்டில் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் இந்தப் பொறுப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு. பெரியவர்களிடம் “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று வாதாட வேண்டாம். காரமும் கடுகும் கூடாது என்று அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, “பாட்டி, கடுகு தாளிக்காமல், மிளகாய் போடாமல், மசித்த பருப்பு கொஞ்சம் தரட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பழமொழி சொன்ன நூறு வயதுக்கு நொறுங்கத் தின்பது நல்லதுதான். நொறுக்க முடியாத ஒரு வாரத்துக்கு, நொறுக்கும் வேலையை அம்மியும் மத்தும் செய்யட்டும்.